காலியில்லாத கோப்பு

எட்டு ஐம்பதுக்கு மறுபடியும் சிவப்பு விளக்கு எரிந்தது. மிசோ சூப்பை வாளிகளில் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு நின்றுவிட்டார்கள். சிசுரு குவாபாராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினோரு பள்ளிகளுக்கு மதிய உணவு சமைக்கும் அந்தக் கூடத்தில் கணினி வேலைக்கு அவள் ஒருத்திதான், அதுவும் ஒப்பந்தத்தில். எந்தப் பிள்ளைக்காவது ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்று புதிதாகத் தெரிந்தால், பள்ளி காலையில் அதை ஒரு கோப்பில் எழுதி அனுப்பும். ஒன்றுமில்லையென்றால் காலிக் கோப்பு. அவள் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல், கோப்பின் அளவு பூஜ்ஜியமா என்று பார்க்கும். இல்லையென்றால் விளக்கு எரியும். யாராவது படித்துப் பார்க்கும்வரை வேலை நிற்கும்.

ஆனால் வெறுமையாக அனுப்புவது மரியாதை இல்லையாம்! ஒரு பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் தொகிவா தினமும் ‘குறிப்பாக எதுவும் இல்லை’ என்று எழுதி அனுப்பினார். அவரைப் பார்த்து மற்ற பள்ளிகளும் ஆளுக்கொரு விதமாகப் பணிவு காட்டத் தொடங்கின.

பிரிவுத் தலைவர் நகமினே அவளைக் கூப்பிட்டார். “இன்னைக்கும் சாப்பாடு இருபது நிமிஷம் லேட்டு. பள்ளிகளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க, குவாபாரா சான்.”

“நானா? காலியா அனுப்புங்கன்னு மூணு தடவை சுற்றறிக்கை விட்டேனே சார்!”

“அவங்ககிட்டப் போய்த் தப்புன்னு சொல்ல முடியுமா? இருபது எழுத்துக்குக் கம்மியா இருந்தா காலின்னு எடுத்துக்கிற மாதிரி மாத்திடுங்க.”

“ஒரு பேரும் ‘முட்டை’ன்னு ஒரு வார்த்தையும் எழுத எத்தனை எழுத்து சார் வேணும்?”

“இந்த வாய்க்கு மார்ச்சுக்கு மேல ஒப்பந்தம் நீளாது, பாத்துக்கோங்க.”

அவள் மாற்றவில்லை. மறுநாள் முட்டைச் சூப். விளக்கு எரிந்ததும் நகமினே தடதடவென்று இறங்கி வந்தார்.

“மாத்தலையா நீங்க?”

அவள் கோப்பைத் திறந்தாள். தொகிவாவின் பள்ளிதான். முரோ ரின், முட்டை. அவ்வளவுதான் இருந்தது.

அந்தப் பிள்ளைக்கு முட்டையில்லாத சூப் தனிக் கிண்ணத்தில் போனது. நகமினே திரையை இரண்டு முறை படித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“நல்ல வேளை… சரி, அந்தக் கடிதத்தை மட்டும் இன்னைக்கே குடுத்துடுங்க. தொகிவா சார் மனசு கோணக் கூடாது.”

சிசுரு தாளை இழுத்தாள், எழுதினாள், தன் முத்திரையைக் குத்தி அவர் கையில் கொடுத்தாள்.

‘முரோ ரின் இன்று நலமாகச் சாப்பிடுவாள். இதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.’