பேசிய வெட்டுக்காயம்

கரும்பு வெட்டில் வீரமுத்துவின் இடது காலில் பட்ட காயம் மூன்றாம் நாள் காலையில் பேசத் தொடங்கியது. குரல் அவன் மனைவி இருசம்மாளுடையது. அவள் அவனோடு பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில், தலைமுழுகப் போகும்போது அவள் கழற்றிக் கொடுத்த மூக்குத்தியை, அவள் அம்மா போட்டுவிட்டதை, வீரமுத்து பெண்ணையாற்றில் தவறவிட்டான். அழுதவளிடம், “ஒத்தக் கல்லுக்கு இவ்ளோ பேச்சா?” என்றான். அன்றோடு நிறுத்திக்கொண்டாள். ஊரில் எல்லாரோடும் பேசினாள். அவனுக்குத் தட்டை வைக்கிற சத்தம்தான் சாப்பாட்டு அழைப்பு.

காயம் பேசியதற்குக் காரணம் தழைதான். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: வரப்பில், கிணற்றடியில், கல்வராயன் மலை ஏறுகிற ரோட்டோரத்தில், நீளக் காம்பின் உச்சியில் மஞ்சளும் வெள்ளையுமாகத் தலையாட்டுமே, அந்தப் பூ. பிள்ளைகள் தாத்தாப்பூ என்று அதன் தலையைச் சுண்டி விளையாடும், பெண்களுக்கு மூக்குத்திப்பூ, கரும்பு வெட்டுகிறவர்களுக்கு வெட்டுக்காயப் பூண்டு. இலையை உள்ளங்கையில் கசக்கிப் பிழிந்தால் ரத்தம் நிற்கும். கத்தி இறங்கியபோது இருசம்மாளின் கையெல்லாம் புழுதி. அவசரத்தில் இலையும் பூவுமாக வாயில் போட்டு மென்று, காயத்தில் அப்பி, முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். ஒன்பது வருஷமாக வாயில் அடைத்துக் கிடந்ததெல்லாம் தழையோடு காயத்துக்குள் போய்விட்டது.

காயம் வரிசை தப்பாமல் பேசியது. முதல் வருஷம் கூழில் உப்பு கம்மி, அவன் சொல்லாமலே குடித்தது. இரண்டாம் வருஷம் மகள் செவ்வந்தியின் காய்ச்சல். மேஸ்திரி நாராயணசாமி வந்து குனிந்து கேட்டார்.

“இன்னாடா, ஊட்டுல ஊமை, காலுல வக்கீலா?”

“இரு மேஸ்திரி, உன்னப் பத்தி அஞ்சாம் வருசத்துல வருது,” என்றது காயம். அவர் இருக்கவில்லை.

தழை தன் வேலையைச் செய்தது. காயம் ஆற ஆறக் குரல் மெலிந்தது. “ஆறாம் வருசம் திருவிழாவுக்கு ஒங்கூட வரலாம்னு பொடவகூட எடுத்து வெச்சேன்யா, நீ ஒரு வார்த்த...” என்ற இடத்தில் பொருக்குத் தட்டி நின்றுபோனது. மீதி மூன்று வருஷம் உள்ளே இருந்தது. வீரமுத்து பொருக்கைப் பிய்த்தான். ஒரு வார்த்தை வந்தது, மூடிக்கொண்டது. மறுபடி பிய்த்தான். பத்து நாளில் கால் வீங்கிப் பளபளத்தது. இன்னொரு முறை கை வைத்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லி நர்ஸ் ஊசி போட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி நகத்தை வைத்தான்.

இருசம்மாள் முறத்தை வைத்துவிட்டு வந்து அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“நோண்டாதய்யா. மீதிய நானே சொல்றேன்.”

மத்தியானம் தொடங்கியவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மூன்று வருஷத்தையும் சொல்லி முடித்தாள். “அது ஒத்தக் கல்லு இல்ல, இருசு,” என்றான் அவன்.

கால் ஆறியது. இப்போதும் தை ஐந்தாம் நாள் அந்தத் தழும்பில் ஒரு பூ பூக்கிறது. இருசம்மாள் அதைக் காம்போடு கிள்ளி மூக்கில் செருகிக்கொண்டு அவனோடு திருவிழாவுக்குப் போகிறாள். போன வருஷம் ஆற்று மணலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, அந்த மூக்குத்தி எங்கே வாங்கியது என்று கேட்டாள்.

“எங்கூட்டுக்காரரு காலுல பூத்தது.”

“குடுத்து வெச்சவக்கா நீ,” என்றாள் அவள். “எங்கூட்டுக்காரருக்கு ஒரு வெட்டுகூடப் பட்டதில்ல.”