குமிழி வரும் வரை

பெரிய மூச்சு இயந்திரம் வாங்க வக்கில்லாத ஆஸ்பத்திரி அது. இருந்ததெல்லாம் ஒரு சின்ன காற்று மோட்டார், குழந்தையின் மூக்கில் பொருத்தும் மெல்லிய குழாய், குழாயின் மறுமுனை அமிழ்ந்திருக்க ஒரு தண்ணீர் பாட்டில். அந்தத் தண்ணீரின் அழுத்தம்தான் பிஞ்சு நுரையீரலைச் சுருங்கவிடாமல் தாங்கும். பாட்டில் ஓயாமல் கொப்பளிப்பதால் நர்சுகள் அதற்கு ‘சோடாக்கடை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வார்டுக்கே ஒரே ஒரு சோடாக்கடை.

மாதம் நிறையாமல் பிறந்த பெண் குழந்தைக்கு நேற்று அதை மாட்டியபோது தாய் வெலவெலத்துப் போனாள். நர்சுக்குத் தலைக்கு மேல் வேலை. “குமிழி வருதில்ல? வர்ற வரைக்கும் பயப்படாதேம்மா” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். அந்தப் பெண் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சோறு தண்ணி இல்லாமல் பாட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இன்று மதியம் குழந்தை இறந்துவிட்டது. டாக்டர் நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். பிரசவ அறையில் இன்னொரு குழந்தை நீலம் பாரித்துத் திணறுவதாக ஆயா கூப்பிட்டாள்.

“செட்டைக் கழட்டுங்க சிஸ்டர், சீக்கிரம்!” என்றபடி டாக்டர் ஓடினார்.

தாய் பாட்டிலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். அது இன்னும் கொப்பளித்துக்கொண்டுதான் இருந்தது.

“பொய் சொல்றாரு சிஸ்டர். பாருங்க, மூச்சு வருது.”

நர்ஸ் அவள் பக்கத்தில் குனிந்தாள். “அது பாப்பா மூச்சு இல்லம்மா. மோட்டார் தள்ளுற காத்து. மூக்குல குழாய் இருந்தா போதும், குமிழி வரும்.”

“நீங்கதானே சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். உன் பயம் போகட்டும்னு சொன்னேன். தப்பும்மா.”

“அப்ப எப்போ போச்சு? பக்கத்துலயேதானே இருந்தேன்... பாட்டிலைத்தானே பாத்துட்டிருந்தேன்!”

அதற்குள் ஆயா பிரசவ அறையிலிருந்து அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அதன் தகப்பன். தாய் அந்த நீல முகத்தைப் பார்த்தாள். பிறகு பாட்டிலை அவளாகவே நீட்டினாள்.

நர்ஸ் மூக்குக் குழாயை மட்டும் புதிதாக மாற்றி, பக்கத்துக் கட்டிலில் மாட்டினாள். தண்ணீர் கொப்பளித்தது. தகப்பன் முகத்தில் உயிர் வந்தது. “வந்துடுச்சு! குமிழி வந்துடுச்சு!”

மடியில் தன் பிள்ளையை வைத்திருந்தவள் சொன்னாள்.

“அண்ணே, பாட்டிலைப் பாக்காதீங்க. பிள்ளை நெஞ்சைப் பாருங்க.”