நிரம்பிய கிண்ணம்

சம்பந்தி கொண்டுவந்த பொருளைச் சோதித்துப் பார்ப்பது துலெகென் குடும்பத்தில் நடக்காத காரியம். அன்று அவருடைய மருமகள் மெருயெர்த் அதைத்தான் செய்ய நின்றாள்.

துலெகெனின் மாவு மில்லுக்கு வெளியே, எடைமேடையின் முன்னால், கோதுமை லாரிகள் சாலை வளைவுவரை நின்றன. அறுவடை வந்தால் எடைக்கணக்கைப் பதியும் கம்ப்யூட்டர் சர்வர் திணறும். அதைக் கேள்விப்பட்டுத்தான் மெருயெர்த்தின் அப்பா எர்கின்பெக், அல்மாட்டியிலிருந்து இரண்டு பிராசசர்களைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். “இப்பவே மாட்டுங்க, லாரிங்க எப்படிப் பறக்குதுன்னு பாப்போம்” என்று விருந்தறையில் காத்திருந்தார்.

சர்வர் அறையில் மருமகள் குரலைத் தாழ்த்தினாள். “சாக்கெட்ல பொருந்தும் மாமா. ஆனா அது மட்டும் போதாது. இந்த போர்டு ஏத்துக்கற பிராசசரா இருக்கணும், இது இழுக்கற கரண்ட்டை போர்டு தாங்கணும். பாக்காம சர்வரை நிறுத்த மாட்டேன்.”

“உங்கப்பா குடுத்ததும்மா.”

“அதனாலதான். மாட்டினப்புறம் சர்வர் கண்ணு முழிக்கலன்னா, இத்தனை டிரைவருங்க முன்னாடி தலைகுனியப்போறது அவர்தானே?”

துலெகெனுக்குக் கோபம் வந்தது. வெளியே நின்ற லாரி வரிசையை எட்டிப் பார்த்தார். லாரிக்காரர்கள் தாத்தா காலத்திலிருந்து இந்த மில்லை நம்பி வருகிறவர்கள்.

“பாத்துக்கோ. நான் அவரைச் சாப்பாட்டுல உக்கார வைக்கிறேன். டீ ஊத்த வரும்போது சொல்லு, ஆனா வாயால சொல்லாதே. சரியா வரும்னா வழக்கம்போல அரைக் கிண்ணம். வராதுன்னா என் கிண்ணத்தை நிரப்பிடு.”

அவள் திகைத்துப் பார்த்தாள். அவர்கள் வழக்கத்தில் கிண்ணம் நிறைய டீ ஊற்றினால், குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். எந்த மருமகளும் மாமனாருக்கு அப்படி ஊற்றியதில்லை.

விருந்தறையில் வேகவைத்த ஆட்டுத்தலையை, முதல் விருந்தாளிக்குரிய மரியாதையாக, எர்கின்பெக்கின் முன்னால் வைத்தார்கள். அவர் கத்தியை எடுக்கவில்லை. “முதல்ல மெஷின், அப்புறம் கறி. உங்க வீட்ல எல்லாமே மெதுவாத்தான் நடக்குமா சம்பந்தி? லாரிங்களும் அப்படித்தான் நிக்குது.”

“விருந்தாளி பசியோட இருக்கும்போது எங்க வீட்ல இரும்பைத் தொடமாட்டோம்.” அப்படியொரு வழக்கத்தைத் துலெகென் அந்த நிமிடம்தான் உண்டாக்கினார்.

மெருயெர்த் வந்தாள். அப்பாவுக்கு அரைக் கிண்ணம் ஊற்றினாள். அடுத்து மாமனாரின் கிண்ணம். பாதிக்கு வந்தது; அவள் கை நிற்கவில்லை. விளிம்புவரை தளும்பிய கிண்ணத்தைத் தலைகுனிந்து நீட்டினாள்.

எர்கின்பெக்கின் முகம் கறுத்தது. “பெரியவரையே வீட்டை விட்டுக் கிளப்புறியா? உன்னை நான் இப்படியா வளர்த்தேன்?”

துலெகென் இதை எதிர்பார்க்கவில்லை. வாய் மூடி இருந்தால் பழி பெண்மேல் விழும். நடந்ததைச் சொன்னால், பரிசைச் சந்தேகப்பட்ட வீடு என்ற பெயர் வரும். டீ அவர் விரலைச் சுட்டது.

“நான்தான் நிரப்பச் சொன்னேன்,” என்றார். “உங்க பிராசசர் நல்ல ஜாதிக் குதிரை. எங்க சர்வர் பழைய கொட்டகை, அதைத் தாங்காது. உங்ககிட்ட அதைச் சொல்ல எனக்கு வாய் வரல.”

தன் வீட்டைத் தானே அவர் தாழ்த்திப் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

“அப்போ குதிரையைத் திருப்பி ஓட்டிட்டுப் போகணுமா?”

“போகக் கூடாது. அடுத்த அறுவடைக்குள்ள கொட்டகையை மாத்துறேன். குதிரையை நீங்களே வந்து கட்டுங்க.”

எர்கின்பெக் மகளைப் பார்த்தார். “உள்ளதைச் சொல்லு. மாட்டியிருந்தா?”

“சர்வர் எந்திரிச்சிருக்காதுப்பா. பழசைத் திரும்ப மாட்டறவரைக்கும் ஒரு லாரி நகர்ந்திருக்காது.”

அவர் கத்தியை எடுத்தார். ஆட்டின் காதை அறுத்தார். பெரியவர் சொல் கேட்கட்டும் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தருவது அது. அதை அவர் துலெகெனின் தட்டில் வைத்தார்.

“மருமக பேச்சைக் கேட்டவருக்கு.”

துலெகென் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அந்தக் காதைக் கடைசித் துணுக்குவரை மென்று தின்றார். வெளியே ஒரு லாரி மெல்ல எடைமேடையில் ஏறியது.