தையல் போட்ட சருகு

தையல்கார அம்மாவுக்குத் தீ மூட்ட அனுமதி கிடைத்துவிட்டது தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களைத் தேடிப்பிடித்து அவளே சொன்னாள். கொல்லையில் வெட்டிப்போட்ட கிளையையும் சருகையும் சனிக்கிழமை காலை எரித்துக்கொள்ளலாம். மெத்தை, ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் கூடாது. மூட்டுவதற்கு முன் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து குவியலைப் பார்ப்பார்.

பார்ப்பது என்றால் சும்மா எட்டிப் பார்ப்பது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தான் ஓட்டிய பழைய பஸ்ஸை டிப்போவில் உடைக்கக் கொடுத்தபோது டிரைவர் சீட்டை மட்டும் கேட்டு வாங்கிக் கூடத்து மூலையில் வைத்திருந்தார். ஸ்பிரிங் துருத்தி, பஞ்சு உதிர்ந்து, பார்க்கச் சகிக்காது. அந்த மூலையில்தான் ப்ளக் பாயின்ட். திங்கட்கிழமை இரண்டாவது தையல் மெஷின் வருகிறது; அதை வைக்க இடமில்லையென்றால் பள்ளிச் சீருடை ஆர்டர் தெருமுனைக் கடைக்குப் போய்விடும். கேட்டாள், கெஞ்சினாள். "சீட் போனா நானும் போயிடுவேன்" என்றார் அவர். அதற்கும் சம்மதித்துப் பார்த்தாள். நடக்கவில்லை.

அவர் தம்பி வீட்டுக்குப் போன நேரம், எதிர்வீட்டு அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டுச் சீட்டைக் கொல்லைக்கு இழுத்துக் குவியலுக்குள் சொருகினாள். திரும்பி வந்தவரிடம், "மெத்தை மாத்தக் குடுத்திருக்கேங்க" என்றாள். மனுஷன் உருகிப் போய்விட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். தொழில்காரி அல்லவா, அரைகுறையாகச் செய்ய மனசு வராது. சாக்கில் உறை தைத்து, அதன்மேல் காய்ந்த இலைகளை வைத்துத் தைத்துச் சீட்டுக்கு மாட்டிவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை வந்த தீயணைப்பு அதிகாரி கையில் நீளமான கொக்கி. குவியலைச் சுற்றி வந்தவர் ஓரிடத்தில் குனிந்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுச் சருகு மட்டும் வரிசையா நிக்குதே?"

உண்மைதான். இலைக்கு இலை ஒரே இடைவெளி. விளிம்பு மடித்து, இரட்டைத் தையல்.

"காத்துல அப்படி விழுந்திருக்கும் சார்."

"உங்க வீட்டுக் காத்துக்குத் தையல் தெரியுமோ?" என்று கொக்கியைப் போட்டு இழுத்தார். சீட் பல்லிளித்துக்கொண்டு வெளியே வந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற எதிர்வீட்டு அக்கா, "அடப்பாவமே, இது எப்படி உள்ள போச்சு!" என்று முதல் ஆளாக வியந்தாள்.

சத்தம் கேட்டுக் கொல்லைக்கு வந்த வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "என்னை இத்தனை வருஷம் சுமந்ததுக்குக் கொள்ளி வைக்கப் பாத்தியேடி!"

"உங்களை நானும்தான் சுமக்கிறேன்! மெஷினை என் தலை மேலயா வைக்கிறது?" என்றாள். சொன்னாளே தவிர, அவர் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் சீட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

அதிகாரி நடுவில் புகுந்தார். "குடும்பச் சண்டைக்கு எங்ககிட்ட தண்ணி இல்லை. சீட்டை ஓரமா வைங்க, மத்ததை எரிக்கலாம். ஆனா சாம்பல் ஆறுற வரைக்கும் ஒரு ஆள் நகராம பக்கத்துலயே உக்காரணும். யாரு?"

"நான்தான்" என்றார் டிரைவர். "இவளை நம்பினா அடுத்து என் வேட்டியும் உள்ள போயிடும்." சீட்டை இழுத்துப் போட்டு, கையில் தண்ணீர்க் குழாயோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

தீ மூண்டதும் மதிலோரம் தலைகள் முளைத்தன. யாராவது ஒரு கேள்வி கேட்டால் இவர் பத்துப் பதில் சொன்னார். மலைப்பாதையில் பிரேக் போன கதையை மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சொன்னார். கூடத்து மூலையில் இருந்தவரைக்கும் அந்தக் கதையைக் கேட்க நாதியில்லை.

மாலையில் சாம்பல் ஆறியபின் டீயோடு வந்தாள். "தப்புதாங்க. வாங்க, சீட்டைப் பிடிங்க, உள்ள வைப்போம். ஆர்டர் போனா போகட்டும்."

"உள்ளயா? அங்க யார் இருக்கா, நீயும் உன் மெஷின் கடகடப்பும்." டீயை உறிஞ்சினார். "இங்கயே இருக்கட்டும். மேல தகரம் போட்டுக்கறேன். காத்து வருது, ஆளும் வருது."

மறுவார்த்தை பேசினால் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து, காலித் தம்ளரைக்கூட வாங்காமல் உள்ளே ஓடினாள்.