சவரிராயன் வாங்கிய பச்சை

பெத்தவள் சொன்னால் ஜெரினுக்குக் காதில் ஏறாது. மெஷின் சொன்னால் வேதவாக்கு.

"அப்பாவுக்கு மறதி வருது சாமி. அடுப்புல பாலை வெச்சுட்டு, யாரு வெச்சதுன்னு என்னையே கேக்கறாரு. டாக்டர்கிட்டக் காட்டணும்" என்று இன்பமேரி மாசக்கணக்காகப் போனில் சொல்லிப் பார்த்தாள். "வயசானா அப்படித்தாம்மா. நீயா எதையாவது நெனைச்சுப் பயந்துக்கறே" என்பான் மகன். அவனுக்குப் பெங்களூரில் என்ன வேலை தெரியுமா? ஆள் பேசுவதைக் கேட்டே அல்சைமர் வரப்போகிறதா என்று முன்கூட்டிச் சொல்கிற மெஷினைப் பழக்குகிற வேலை. ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தப் பல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, மெஷினை ஊரறியக் காட்ட, சேலத்தில் அவர்கள் மாதா கோயில் மண்டபத்துக்கே வந்து இறங்கியது. ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாப் பெரிய மனுசர்களுக்கு முன்வரிசை, மற்றவர்களுக்குச் சமோசா. "முதல்ல எங்க அம்மா, அப்பா" என்று மைக்கில் அறிவித்தான் ஜெரின். இன்பமேரிக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. நான் சொல்லி நம்பாதவன் அவன் மெஷின் சொன்னால் நம்புவான், இனியாவது அவருக்கு ஒரு வைத்தியம் நடக்கும் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

முதலில் அவளைத்தான் பக்கத்து அறையில் தனியாக உட்கார வைத்தார்கள். "எது வேணும்னாலும் பேசுங்கம்மா" என்று மெஷின் இருக்கிற போனை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள் கம்பெனிப் பெண் தனப்பிரியா. எதிரில் ஆளில்லாமல் என்னத்தைப் பேசுவது? வாய்க்கு வந்தது ஜெபமாலைதான். வீட்டில் சாயங்காலம் இரண்டு பேரும் பங்குபோட்டுச் சொல்கிற மாதிரியே ஜெபத்தின் முன்பாதியைச் சொன்னாள். பின்பாதி புருசன் சவரிராயனுடையது. அவரோ வெளியே சமோசா தின்றுகொண்டிருந்தார். இருந்தால் என்ன, அவர் பங்கை அவள் பிடுங்குவாளா? அவர் சொல்லி முடிக்கிற நேரம் வரைக்கும் மரியாதையாக வாயை மூடியிருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். சொன்னதையே சொல்கிறாள், நடுநடுவே பேச்சு நின்றுபோகிறது. மெஷின் யோசிக்கவே இல்லை, மறதி நோய் என்று சிவப்பைக் காட்டிவிட்டது.

அடுத்து சவரிராயன். லாரி புக்கிங் ஆபீசிலேயே ஆயுசைக் கழித்த வாய் அது. போனைப் பார்த்ததும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். "அலோ, நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடுங்க. தார்ப்பாயை இறுக்கிக் கட்டச் சொல்லுங்க. தொப்பூர் கணவாயில டிரைவரைப் பாத்துப் போகச் சொல்லுங்க." ஆபீசை மூடி வருசக்கணக்காகிறது, போனின் அந்தப் பக்கம் ஒரு ஈக்குஞ்சும் இல்லை. ஆனால் ஒரு இடத்திலும் தட்டவில்லை, தடுமாறவில்லை. மெஷின் பச்சை காட்டியது. "எங்கப்பாவுக்கு வாலிப மூளை" என்றான் ஜெரின். மண்டபமே கைதட்டியது.

அப்புறம் அம்மாவை ஓரமாகக் கூட்டிப்போனான். "பாத்தியா? மறதி உனக்குத்தாம்மா. அதான் அப்பாவுக்குன்னு உனக்குத் தோணியிருக்கு. நல்லவேளை, ஆரம்பத்துலயே புடிச்சுட்டோம்."

அவள் ஜெபமாலை விசயத்தைச் சொன்னாள்.

"எல்லாரும் இப்படித்தான் ஏதாவது காரணம் சொல்லுவாங்க" என்று முதுகைத் தடவிக்கொடுத்தான். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. படிக்க வைத்ததற்கு இரண்டு எருமை வாங்கிக் கட்டியிருக்கலாம்.

பனமரத்துப்பட்டி வீட்டுக்கு ஜெரினே காரை ஓட்டினான். வழியெல்லாம் மெஷினின் பெருமைதான். பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவந்த சவரிராயன், வீட்டுச் சந்து திரும்பியதும் முன்னால் குனிந்து அவன் தோளைத் தொட்டார்.

"இங்கயே நிறுத்திக்க தம்பி. ஊட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போ. எம் பையனும் உன்னையாட்டந்தான், பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை. ஜெரின்னு பேரு. வந்து எட்டிப் பாக்கறதே இல்ல."

கார் நின்றது.

இன்பமேரி கதவைத் திறந்து புருசனைக் கைப்பிடித்து இறக்கினாள். பிறகு மகன் பக்கத்து ஜன்னலில் குனிந்தாள்.

"இப்பவாச்சும் டாக்டர்கிட்டக் காட்டலாமா, சாமி?"