தமிழுக்கு இரண்டை அமுக்கவும்

1

இந்தக் கதைக்கு மூலம் என் கம்ப்யூட்டர்தான். ஒரு நாள் திரை முழுக்கச் சிவப்பாகி, ‘வைரஸ்! உடனே இந்த எண்ணை அழைக்கவும்’ என்று சங்கு ஊதியது. ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கிய பிறகுதான் மனசு அரித்தது, அழைத்திருந்தால் யார் எடுத்திருப்பார் என்று. ஆகவே கதையில் நாச்சியார் என்று ஒருத்தியை அழைக்க வைக்கிறேன்.

2

ஒக்கூரில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கும் அழகிய நாச்சியார்... (வேண்டாம். அழகு இங்கே எதற்கு?)

நாச்சியார் ஒக்கூரில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறாள். ஊர்க்காரர்களின் ஆதாரும் பாஸ்புக் நகலும் அவள் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. அது சிவந்து அலறினால் பதறாமல் என்ன செய்வாள்? அழைத்தாள். தமிழுக்கு இரண்டை அமுக்கினாள்.

“வணக்கம் மேடம். சிஸ்டத்த ஆஃப் பண்ணிராதீக.”

(ஏமாற்று வேலை என்று அவளுக்குத் தோன்றாதா? அந்த நொடியே தோன்றியது. ஆனால் அவள் தம்பி முத்தரசு கம்ப்யூட்டர் வேலை என்று கம்போடியாவுக்குப் போனவன். பொங்கலுக்குப் பிறகு போன் இல்லை. அப்படிப் போகிறவர்களை அடைத்துவைத்து இப்படித்தான் பேசவைக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்திருக்கிறாள். அதனால் போனை வைக்கவில்லை.)

“தம்பி, நீங்க எந்தச் சாமி கும்பிடுறவுக?”

எங்கள் பக்கம் குலசாமியைக் கேட்டால் பொய் சொல்ல யாருக்கும் வாய் வராது.

“கல்லல் பக்கம்... அய்யனாருக்கா.” குரல் இறங்கியது. “இது ஃபிராடுக்கா. போன வச்சிட்டு ஆஃப் பண்ணிருங்க.”

“அங்குட்டு முத்தரசுன்னு யாராச்சும் இருக்கானா? ஒக்கூர்ப் பய. என் தம்பி.”

“சும்மா பேச முடியாதுக்கா, பின்னாடி ஆளு நிக்கிறான். நான் சொல்ற நம்பர நீங்க கம்ப்யூட்டர்ல போட்டாத்தான் லைன்ல இருக்க விடுவான்.”

3

முதலில் அந்தக் குரலே முத்தரசு என்று எழுதினேன். அடித்துவிட்டேன், கூடப் பிறந்தவன் குரல் ‘வணக்கம்’ என்னும்போதே தெரிந்திருக்கும். அடுத்து, லைன் அறுந்துபோனதாக வைத்தேன். நாச்சியார் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டாள். தம்பி பேரைச் சொல்லி விசாரிக்க ஒரு ஆள் கிடைக்காமல் அவள் எவ்வளவு ஏங்கிப்போயிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“நம்பரச் சொல்லுங்க தம்பி, போடுறேன். அதுவரைக்கும் அவனப் பத்திப் பேசுவீகள்ல?”

எண்ணைப் போட்டுவிட்டாள். இனி திரையில் வந்த ‘அனுமதி’யை மட்டும் அமுக்க வேண்டும். அமுக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன், என்னால் ஆகவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் பாஸ்புக்கும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாச்சியார் மவுஸில் கையை வைத்தபடி உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள். அவளுக்கு என்ன சொல்வீர்கள்?