திறந்ததும் தெரியும் கால்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. எங்கள் மேனேஜர் மகேந்திரன் சார் போட்ட உத்தரவிலிருந்து வந்தது. “திங்கக்கெழமைக்குள்ள ஸ்டார்ட்அப் ஸ்கிரீன்ல இருக்கிற காலை மாத்திடும்மா” என்றார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில், டிசைன் சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிறேன். என் வீட்டில் முதல் டிகிரி நான். அதற்கு யாரும் கைதட்ட வேண்டாம். அந்த சாஃப்ட்வேரைத் திறந்தால் வெறும் திரை வராது. கணுக்கால்வரை ஒரு பெண்ணின் வலது கால் வரும், சாம்பல் நிறத்தில். எந்த ஷூவையும் அதன்மேல்தான் வரையத் தொடங்குவோம். எல்லா மிஷினிலும் அதுதான் டீஃபால்ட், யாரும் கேட்காமலே வந்து நிற்பது. அது சுந்தரி அக்காவின் கால்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “பாலாற்றங்கரையில் பிறந்த அந்த ஏழைப் பெண்—”

அடித்துவிட்டேன். (கதைக்கும் ஒரு டீஃபால்ட் இருக்கிறது. தொழிலாளி என்றால் ஏழை, ஏழை என்றால் நல்லவள், நல்லவள் என்றால் கடைசியில் அழுவாள். இதை எந்த மெனுவில் மாற்றுவது?)

சுந்தரி அக்கா அடக்கமானவள் இல்லை. தையல் லைனில் இருந்தவளின் பாதம் சாம்பிள் சைஸுக்கு அச்சு அசலாகப் பொருந்தியதால் மேலே சாம்பிள் ரூமுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். புது சாம்பிள் வந்தால் போட்டு நடந்து காட்ட வேண்டும். எங்கே கடிக்கிறது என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை. மாதனூரில் கம்பெனி பஸ் ஏறும்போதே லைன்காரிகளைச் சீண்டுவாள்: “என் காலுக்குத்தான்டி வெளிநாடே ஷூ போடுது.” நகத்துக்குப் பாலீஷ் வேறு.

3

இங்கே கதாபாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம்.

கடைசி ஒரு வருஷம் அவள் எந்த சாம்பிளையும் கடிக்கிறது என்று சொல்லவில்லை. மகேந்திரன் சாருக்கு ஒரே சந்தோஷம். கை ராசி மாதிரி கால் ராசி என்றார். அவள் சரி என்ற ஷூக்கள் கப்பலேறின. பிறகு, சுண்டுவிரலில் அழுத்துகிறது என்று ஷூ வாங்கும் வெளிநாட்டு பயரிடமிருந்து புகார்மேல் புகார் வந்தது. அதற்குள் அவள் சுண்டுவிரலில் புண். சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சியே இல்லை என்றார்கள் வேலூர் ஆஸ்பத்திரியில். காலை எடுத்தார்கள். எங்கள் திரையில் கால் எங்கே முடிகிறதோ, ஏறக்குறைய அதே இடத்தில்.*

மரத்துப்போனது தெரிந்தும், லைனுக்குத் திரும்ப அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்தாளா? வீட்டுக்குப் போய் நேராகவே கேட்டேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது.

“வலிக்கலன்னா நல்ல ஷூன்னு நெனச்சேன்டி” என்றாள்.

இதற்குமேல் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அப்போது யாராவது ஒருத்தர் அவள் காலைக் குனிந்து பார்த்திருந்தால்— வேண்டாம். பார்த்தார்கள். தினமும் குனிந்து பார்த்தார்கள். ஷூவைப் பார்த்தார்கள்.

* திரையில் அந்த முனையைத் தட்டையாக வெட்டி மூடியிருப்போம். பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

4

கிளம்பும்போது கேட்டாள். “என் காலு இன்னும் மிஷின்ல வருதா ஹரிணி?”

“வருதுக்கா.”

“அப்போ என் சீட்டுக்கு ஒண்ணும் ஆவாது. கால் ஆறினதும் வா, பாக்கலாம்னு சார் சொன்னாரு. அது தெறக்கிற வரைக்கும் நான் அந்த ரூம் ஆளுதானே?”

புருஷன் இல்லாத வீடு. அவள் சம்பளம் ஒன்றுதான். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதற்கு மறுநாள்தான் அந்த உத்தரவு. காலை மாற்றுகிறேன், அவள் சீட் என்ன ஆகும் என்று கேட்டேன். சார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “இல்லாத காலுக்கு ஷூ பண்றோம்னு பயர்கிட்ட சொல்ல முடியுமாம்மா? அவங்க ஷூ ட்ரையலுக்கு உக்காந்தவங்க. கால் இல்லாம இன்னா ட்ரையல்?” பேக்கிங்கில் உட்கார்ந்து செய்யும் வேலை எத்தனையோ இருக்கிறது என்றேன். அது வேற டிபார்ட்மெண்ட் என்றார். நான் கத்தினேன். ரூமே திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான் நடந்தது.

5

முடிவுகளைப் பார்ப்போம்.

ஒன்று: நான் மாற்ற மறுக்கிறேன். பக்கத்து சீட் சதீஷ்குமார் டீ ஆறுவதற்குள் மாற்றிவிடுகிறான். (அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் வீடு இருக்கிறது.)

இரண்டு: நான் மாற்றுகிறேன், பழைய காலை என் ஃபோல்டரில் பத்திரமாக வைக்கிறேன். ஃபோல்டரில் இருக்கும் காலுக்கு யாரும் சம்பளம் தர மாட்டார்கள்.

மூன்று: தொழிலாளர்கள் எல்லாரும் ஒன்றுகூடி— இதை எழுத எனக்கு ரொம்ப ஆசை. லைன் அன்றைக்கும் ஓடியது.

நடந்தது இது. திங்கட்கிழமை காலை மாதனூர் ஸ்டாப்பில் சுந்தரி அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஊன்றுகோல், தோளில் டிபன் பை, கழுத்தில் ஐடி கார்டு. யாரும் அவளை வரச் சொல்லவில்லை. லைன்காரிகள் இறங்கி, இடுப்பைப் பிடித்து ஏற்றினார்கள். “பாத்துடி, வெளிநாட்டு ஷூ வருது” என்று ஒருத்தி சொல்ல, அவளே முதலில் சிரித்தாள்.

பஸ்ஸில் என் பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்து வருகிறாள்.

நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள். தன் கால் இன்னும் மிஷினில் வருகிறதா என்று, அவள் மூச்சு வாங்கிக்கொண்டு உங்களிடம்தான் கேட்பாள். கம்பெனி கேட் வருவதற்குள் சொல்லிவிடுங்கள். செக்யூரிட்டி சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது.